சரியும் தட்டணு, தேயும் சிவப்பணு

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் எழுதித் தரும் பரிசோதனைச் சீட்டில் பெரும்பாலும் முதல் வரியாக இருப்பது சி.பி.சி. என்ற ரத்த அணுக்களின் பரிசோதனை. ஒரு சின்னக் குழாய் ரத்தம் கொடுத்தால் ஒரு பக்கத் தாள் வந்துவிடும். அந்தத் தாளில் இருபது வரிகளாவது இருக்கும். ஆனால் வீட்டில் உள்ளவர்களின் விரல் ஒரே ஒரு வரியைத் தேடித்தான் ஓடும்: பிளேட்லெட் எவ்வளவு? 90,000 என்றால் முகம் மாறுகிறது. 40,000 என்றால் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போகிறது. 20,000 என்றால் ரத்தம் கொடுக்க ஆள் கேட்டு வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றத் தொடங்குகிறது. அதே தாளில், சில வரிகள் மேலே, ஹீமோகுளோபின் 8.6 என்று அச்சாகி, குறைவு என்பதற்கான அடையாளமும் பக்கத்தில் இருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால், "அவளுக்கு எப்பவுமே ரத்தம் கம்மிதான்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும்.

டெங்குவில் சரியும் தட்டணு (பிளேட்லெட்), இரும்புச்சத்துக் குறைவில் தேயும் சிவப்பணு ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. டெங்குவுக்கு நாம் பயப்படுவது நியாயமே. ஆனால் அந்தப் பயத்தைத் தவறான வரியின்மேல் வைத்திருக்கிறோம் என்பது என் கருத்து. நாம் கண்டுகொள்ளாமல் விடும் சிவப்பணுவின் வரியில்தான் டெங்குவின் உண்மையான ஆபத்தும் எழுதப்படுகிறது.

இரண்டும் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். ஆரோக்கியமான மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தட்டணு ஒரு முழுமையான செல்கூட அன்று. மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லின் ஓரத்திலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு அது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி துணுக்குகள் இப்படி உருவாகின்றன. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். தட்டணுவுக்கு ஏழிலிருந்து பத்து நாள்தான்.

நோயின் நடையைத் தீர்மானிப்பது இந்த ஆயுள்தான். மஜ்ஜை ஒரு வாரம் அடியோடு வேலையை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வாரத்தில் வயதாகி மறையும் சிவப்பணுக்கள் நூற்றில் ஆறு. ரிப்போர்ட்டில் பெரிதாகத் தெரியாது. தட்டணுவிலோ பெரும்பகுதி காலியாகியிருக்கும். ஆகவே தட்டணு திங்கட்கிழமை 1,40,000, புதன்கிழமை 60,000, வெள்ளிக்கிழமை 25,000 என்று கண்முன்னே சரிகிறது. அதே வேகத்தில் ஏறவும் செய்கிறது. ஹீமோகுளோபின் 12லிருந்து 8க்கு இறங்கப் பல மாதங்கள், சிலருக்குப் பல வருடங்கள் ஆகின்றன. கண்முன் சரிவதைப் பார்த்து ஊரே ஓடி வருகிறது. மெல்லத் தேய்வதை, அதைச் சுமக்கிற பெண்ணே கவனிப்பதில்லை.

முதலில் டெங்கு. வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியைச் சில நாள் மந்தப்படுத்துகிறது. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலில் வழக்கத்தைவிட வேகமாக அழிகின்றன. வரவு குறைந்து செலவு கூடினால் கணக்கு சரியத்தான் செய்யும். வெள்ளையணுக்களும் கூடவே குறையும். 4,000க்குக் கீழே போவது டெங்குவில் சாதாரணம், காய்ச்சல் விட்ட சில நாட்களில் அது தானே சரியாகிவிடும்.

தட்டணுவின் வேலை ரத்தக் குழாயில் விழும் நுண்ணிய ஓட்டைகளை அடைப்பது. இயல்பாக ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். இவ்வளவும் அன்றாடத் தேவைக்கு வேண்டியதில்லை. 50,000 இருந்தாலே பெரும்பாலான அறுவை சிகிச்சைகளைச் செய்துவிடலாம். அதற்கும் கீழே இறங்கும்போது கணுக்காலிலும் முன்கையிலும் குண்டூசி முனை அளவுச் செம்புள்ளிகள் தோன்றலாம். விரலால் அழுத்தினால் கொசுக்கடித் தடிப்பின் சிவப்பு மறையும். இந்தப் புள்ளி மறையாது, ஏனென்றால் ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலுக்கடியில் தங்கிவிட்டது. பல் துலக்கும்போது ஈறில் கசியலாம், மாதவிடாய் அதிகமாகலாம். தானாகப் பெரிய ரத்தக்கசிவு வரும் ஆபத்து பொதுவாக 10,000க்குக் கீழேதான் கூர்மையாகிறது. ஐ.டி.பி. என்ற தட்டணுக் குறைபாடு உள்ள பலர் 30,000, 40,000 தட்டணுக்களோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அப்படியானால் டெங்குவில் உயிர் எப்படிப் போகிறது? பெரும்பாலும் கசிவால். கசிவது ரத்தம் அன்று, பிளாஸ்மா என்னும் ரத்தத்தின் நீர்ப்பகுதி. ரத்தக் குழாயின் உட்பூச்சைத் தொற்று சேதப்படுத்துகிறது, வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதத்துக்கு இதில் பங்கு உண்டு. (டெங்குவா என்று உறுதிசெய்ய முதல் நாட்களில் பரிசோதிப்பதும் இதே புரதத்தைத்தான்.) சேதமான சுவர் வழியே நீர் வெளியேறி நெஞ்சுக் கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது. இது நடக்கும் நேரம்தான் மிகவும் ஏமாற்றக்கூடியது: காய்ச்சல் தணியும் வேளை. மூன்றிலிருந்து ஏழாவது நாளுக்குள் உடம்பு சில்லென்று ஆகி, "அப்பாடா, காய்ச்சல் விட்டுருச்சு" என்று வீடு மூச்சு விடுகிற அந்த 24 முதல் 48 மணி நேரம்.

அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு. பி.சி.வி. என்றோ ஹீமடோகிரிட் என்றோ அச்சாகியிருக்கும். ரத்தத்தின் மொத்தக் கொள்ளளவில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் இடம் எத்தனை சதவீதம் என்பதே அந்த எண். நீர் வெளியேறினால் சிவப்பணுக்களின் பங்கு கூடிக் காட்டும். ஒருவரின் வழக்கமான அளவிலிருந்து இது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் உயர்ந்தால் கசிவு கணிசமானது என்று பொருள். கூடவே கை கால் சில்லிடும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கி 20க்கு வந்துவிடும். மேல் அளவு 100, கீழ் அளவு 80 என்று கருவி காட்டும்போது, 100 நல்ல எண்தானே என்று தோன்றும். அது அதிர்ச்சி நிலையின் வாசல். சிறுநீர் குறைவது, விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ஆள் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருவது: இவற்றில் எது தெரிந்தாலும் தட்டணு 80,000 இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தட்டணு பயனற்ற எண் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு லட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்குவது பெரும்பாலும் கசிவுக்கு முன்னறிவிப்பு. முன்னறிவிப்பையே நோயாக எடுத்துக்கொண்டு, எண்ணை ஏற்றினால் ஆபத்து நீங்கிவிடும் என்று நம்புவதில்தான் பிழை இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தட்டணு 20,000 அல்லது அதற்குக் கீழே போய், ரத்தக்கசிவு இல்லாத 372 பெரியவர்களில் ஒரு பாதிக்குத் தட்டணு ஏற்றினார்கள், மறுபாதிக்கு ஏற்றவில்லை. 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கும் ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கும் ரத்தக்கசிவு ஏற்பட்டது. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமாகத் தேறவில்லை. பக்க விளைவுகளோ ஏற்றியவர்களிடம்தான் கூடுதல். உண்மையில் ரத்தம் கொட்டுகிற நோயாளிக்குத் தட்டணு உயிர் காக்கும், அதில் மாற்றுக் கருத்தில்லை. எண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக ஏற்றுவதுதான் வீண். பப்பாளி இலைச் சாறும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. எண்ணிக்கை சற்றே சீக்கிரம் ஏறுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. பிளாஸ்மா கசிவை அது தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிப்பவர்கள் குடிக்கட்டும், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

இனி தேயும் எண்ணுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் யாரும் நிற்பதில்லை.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. இது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேரும், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேரும் சோகையோடு இருப்பதாகச் சொன்னது. பாதிக்கு மேல்! எல்லார் வீட்டிலும் இருப்பதாலேயே அது நோயாகத் தெரியாமல் போய்விட்டது.

தட்டணு சரியும்போது உடம்புக்கு ஈடுகட்ட நேரமில்லை. சிவப்பணு தேயும்போது நேரம் நிறைய உண்டு, உடம்பு அதைத் திறமையாகப் பயன்படுத்துகிறது. இதயம் வேகமாகத் துடித்து, இருக்கிற ரத்தத்தைக் கூடுதல் முறை சுற்றவிடுகிறது. சிவப்பணுவுக்குள் ஒரு வேதிப்பொருள் கூடி, சுமந்து வந்த ஆக்சிஜனைத் திசுக்களில் எளிதாகக் கைவிடச் செய்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடப்படுகிறது. கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருக்கும். உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் ரேகைக் கோடுகளிலும் சிவப்பு இருக்காது. இந்த ஈடுகட்டலின் திறமையால்தான் 7 கிராம் ஹீமோகுளோபினோடு ஒரு பெண் காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் போய்வர முடிகிறது. விபத்தில் அதே அளவு சிவப்பணுவை ஒரே மணி நேரத்தில் இழந்தவர் எழுந்து உட்காரவே முடியாது. குறைவின் அளவைப் போலவே, குறையும் வேகமும் உடம்புக்கு முக்கியம்.

ஆனால் ஈடுகட்டுவதற்கு விலை உண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இரும்பின் கையிருப்பு தீர்ந்துவிடுவதால், எண் நன்றாக இருக்கும்போதே அசதி வந்துவிடுவதும் உண்டு. தசைக்கும் மூளைக்கும்கூட இரும்பு வேண்டும் அல்லவா. முடி கொட்டுகிறது, நகம் மேற்புறம் குழிந்து கரண்டி போலாகிறது, ராத்திரி படுத்தால் கால் ஒரு நிலையில் இருக்க மறுக்கிறது. பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்வது, சிலேட்டுக் குச்சி, திருநீறு, செங்கல் துண்டு என்று வாய் தேடுவது: இதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுகிறார்கள், பலர் ஒளித்து வைத்துத் தின்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது. இரும்பு கிடைத்ததும் பெரும்பாலும் அந்த ஆசை தானே விட்டுப்போகும். சோகை மிகவும் முற்றினால் ஓடி ஓடிக் களைத்த இதயமே தோற்கும். அந்த நிலையில் ரத்தத்தை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும்.

பிரசவ அறையில் இந்தக் குறைவு உயிர்க் கணக்காக மாறுகிறது. குழந்தை பிறந்தபின் அரை லிட்டர் ரத்தம் போனாலும் 12 கிராம் உள்ள தாய் தாங்கிக்கொள்வாள். 7 கிராமோடு மேசையில் படுக்கும் தாய்க்கு அதே அரை லிட்டர் எமனாகலாம்.

எதனால் தேய்கிறது? உடம்பு இரும்பை மிகச் சிக்கனமாகக் கையாள்கிறது. செத்த சிவப்பணுக்களிலிருந்து நாளுக்கு 20, 25 மில்லிகிராம் இரும்பை மீட்டு மறுபடி பயன்படுத்துகிறது. சாப்பாட்டிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தோடு அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிடாயில் 80 மில்லி லிட்டருக்கு மேல் போகிற பெண் மாதாமாதம் 40 மில்லிகிராம் அளவுக்கு இழக்கிறாள்; வரவு அதற்கு ஈடு கொடுப்பதில்லை. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கிடைக்கிற கொஞ்சமும் கட்டுப்பட்டுவிடும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் உறிஞ்சுதலைக் கூட்டும். சோகைக்கெல்லாம் இரும்பே காரணம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. கொக்கிப்புழு, பி12 குறைவு, தலசீமியா என்று வேறு கதைகளும் உண்டு. ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு வந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கே ரத்தம் கசிகிறது என்று தேடாமல் விடக்கூடாது.

இந்தச் சிவப்பணு வரியைக் கவனித்துப் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் அறிந்த, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் வேலை செய்தார். அவர் கண்ட சோகை இரும்புக் குறைவால் வந்தது அன்று. அதில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகாமல் பருத்திருந்தன. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்த் தாய்மாரின் ரத்தத்தில் கிடைத்த அறிவு அது. அந்த மாத்திரை எத்தனை வீடுகளில் அலமாரி மேல் தட்டிலேயே காலாவதியாகிறது என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை. மலம் கறுக்கும், வயிற்றைப் பிடிக்கும், குமட்டும் என்பதெல்லாம் நிஜம்தான். இரவு படுக்கப் போகும்முன் போடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நன்றாக உறிஞ்சப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டால் வழி கிடைக்கும். கேட்பதற்குள் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு எண்களும் ஒரே உடம்பில் சந்திக்கும்போது என்ன ஆகிறது? பி.சி.வி. பொதுவாக ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு இருக்கும். வருடக்கணக்கில் 10 கிராமிலேயே வாழ்ந்த ஒரு பெண்ணின் பி.சி.வி. சுமார் 30. அவளுக்கு டெங்கு வருகிறது, பிளாஸ்மா கசிகிறது, பி.சி.வி. ஐந்தில் ஒரு பங்கு ஏறி 36 ஆகிறது. ஹீமோகுளோபின் 12 காட்டுகிறது. தாளில் இரண்டும் இயல்பான அளவுக்குள் விழும், குறைவு என்ற அடையாளம்கூட இருக்காது. "பாரு, ரத்தம்கூட ஏறியிருக்கு" என்று வீட்டில் ஒருவர் சந்தோஷப்படவும் கூடும். உண்மையில் அவள் அதிர்ச்சி நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பழைய அளவு தெரிந்தவர் மட்டுமே அந்த 36ஐப் பார்த்துப் பதறுவார். அதைத் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ஒரு ரிப்போர்ட் போதும். அது இல்லாவிட்டால், காய்ச்சலின் முதல் இரண்டு நாட்களுக்குள், கசிவு தொடங்கும்முன் எடுத்த ஒரு சி.பி.சி.

எண்ணும் இயந்திரத்திலும் இந்த இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று மறைக்கும். அளவை வைத்தே இயந்திரம் இது தட்டணு, இது சிவப்பணு என்று பிரிக்கிறது. இரும்பில்லாமல் மிகவும் சிறுத்துப்போன சிவப்பணுக்கள் சில சமயம் தட்டணுக்களோடு சேர்த்து எண்ணப்பட்டு, தட்டணு கூடுதலாகத் தெரியும். குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. சிலரது தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, எண்ணிக்கையைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தீற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை. தவிர, இரும்புக் குறைவில் தட்டணு நிஜமாகவே இயல்பைவிடக் கூடுவதும் உண்டு.

டெங்கு ஆறி, தட்டணு ஒரு லட்சத்தைத் தாண்டி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஹீமோகுளோபின் வரியைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். இரும்பின் கையிருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் பரிசோதனையை அன்றே செய்யச் சொல்ல வேண்டாம். டெங்குவில் ஃபெரிட்டின் பல மடங்கு உயர்ந்துவிடும், காலிப் பெட்டியும் நிறைந்த பெட்டியாகத் தெரியும். உடம்பு தேறிச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தால்தான் உள்ளது உள்ளபடி தெரியும். இரும்பு தொடங்கினால் பத்து நாட்களுக்குள் மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களை அனுப்பத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏறும். 12ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தீர்ந்துபோன கையிருப்பு நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மாதமாவது ஆகும்.